வலைமேல் வைத்த லேப்டாப்

லேப்டாப்புக்கு ஐஸ் வைக்கலாமா என்று என்னிடம் கேட்ட ஒரே ஆள் கதிர்வேல் மாமாதான். கேட்டதுகூடப் பரவாயில்லை. துறைமுகத்திலிருந்து ஒரு பெட்டி ஐஸைத் தலையில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, அதற்கப்புறம்தான் எனக்குப் போன் செய்தார்.

நான் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் லேப்டாப் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். பேர் அரசு. மாமா என் அக்கா ராணியம்மாளின் வீட்டுக்காரர். கடலூரை ஒட்டிய தாழங்குடாவில் வீடு. பதினாலு வயதில் கடலுக்குப் போனவர், ஐம்பத்து மூன்று வயதிலும் விசைப்படகில், பிடிக்கிற மீனில் ஒரு பங்குக்குப் போய்க்கொண்டிருந்தார். கையெழுத்து மட்டும் போடத் தெரியும். மீன் விஷயத்தில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. மற்ற எல்லாவற்றையும் மீனை வைத்தே யோசிப்பார். ஒரு பொருள் கெடாமல் இருக்க வேண்டுமென்றால் அவருக்குத் தெரிந்த வழி ஐஸ்தான்.

"ஏன் மாமா, அது என்னா வஞ்சிரமா? ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போனா அதோட முடிஞ்சிது" என்று போனில் கத்தினேன்.

"கோவப்படாத மச்சான். புள்ள பரீட்சையாச்சேன்னு பயத்துல கேட்டுட்டேன்" என்றார்.

புள்ளை என்றால் வினோதினி, ஒரே மகள். கம்ப்யூட்டர் படித்தவள். சென்னையில் ஒரு கம்பெனி வேலைக்கு ஆன்லைனில் தேர்வு வைத்திருந்தது. இதற்கு முன் இரண்டு கம்பெனித் தேர்வுகளில் லேப்டாப் சூடாகிப் பாதியில் அணைந்து, கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போயிருந்தது. இந்த முறையும் அணைந்தால் மறுபடி உள்ளே நுழைய முடியாது. இரண்டு மணி நேரம் கேமரா முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும். அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது. வேறு குரல் கேட்டாலே தேர்வு ரத்து. இந்த விதிகளையெல்லாம் மாமாவுக்கு வரி வரியாக விளக்கியவன் நான்தான்.

லேப்டாப்பும் நான் கொடுத்த பழசு. கடற்கரைக் காற்றில் அதன் உள்ளே இருக்கும் ஃபேன் துருப்பிடித்து அரைகுறையாகத்தான் சுற்றியது. பேட்டரியைப் புதிதாக மாற்றிக் கொடுத்தேன். புது ஃபேன் வர ஒரு வாரம் ஆகும், தேர்வோ நாலாம் நாள். மே மாதம், தலைக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு. அந்த வீட்டில் பதினொரு மணிக்கு மேல் மனுஷனே உட்கார முடியாது.

"அடியில நல்லா காத்து போவணும் மாமா. டேபிள் ஃபேனை அதும்பக்கம் திருப்பி வைங்க, போதும்" என்றேன்.

மீன்பிடித் தடைக்காலம் நடந்துகொண்டிருந்தது. படகுகள் எல்லாம் கரையில். சும்மா இருக்கத் தெரியாத மனுஷனுக்கு இது போதாதா? இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தேன். பழைய மேசையின் பலகையைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் சட்டத்தில் நைலான் நூலால் இழுத்துக் கட்டி வலை பின்னியிருந்தார். வலைமேல் லேப்டாப், அடியில் மேலே பார்த்தபடி டேபிள் ஃபேன். இரண்டு மணி நேரம் ஓடவிட்டுத் தொட்டுப் பார்த்தேன், லேசான சூடுதான். நான் ஐந்நூறு ரூபாய்க்கு விற்கிற ஸ்டாண்டெல்லாம் அதன் கால்தூசிக்குக் காணாது. தெருவையே கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

என் வீட்டில் ஏசி இருக்கிறது. இங்கேயே வந்து எழுதட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மனைவி வீட்டுச் சொந்தங்கள் புதுச்சேரியிலிருந்து வந்து தங்கியிருந்தார்கள், அதனால் சொல்லவில்லை. இதை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை.

தேர்வு காலை பதினொரு மணிக்கு. பத்தே முக்காலுக்குக் கரண்ட் போய்விட்டது. லேப்டாப் புது பேட்டரியில் ஓடும், நெட்டு போனிலிருந்து; டேபிள் ஃபேன்தான் சுற்றாது. வினோதினி அழ ஆரம்பித்தாள். மாமா சுவரில் மாட்டியிருந்த காலண்டர் அட்டையைக் கழற்றி எடுத்தார்.

"நீ எழுதற வேலையப் பாரு. அடியில நான் பாத்துக்கறேன்" என்றாராம்.

கேமராவில் அறையைச் சுற்றிக் காட்டி முடிக்கும்வரை வெளியே நின்றார். பிறகு லேப்டாப்புக்குப் பின்பக்கமாகத் தவழ்ந்து வந்து மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, வலை வழியாக மேலே பார்த்து விசிற ஆரம்பித்தார். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியாகிவிட்டது. யாரும் சத்தம் போடாமல் இருக்க அக்கா வாசலில் காவல் இருந்தாள்.

ஒரு மணிக்குத் தேர்வு முடிந்தது. லேப்டாப் ஒரு தடவைகூட அணையவில்லை. "அப்பா, முடிச்சுட்டேன்" என்று வினோதினி குனிந்து பார்த்தாள். மாமா மேசைக் காலில் சாய்ந்திருந்தார். உயிர் இல்லை. தோளில் கிடக்கும் துண்டைச் சுருட்டி வாயில் கடித்திருந்தார்.

மாரடைப்பு என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர். வலி வந்து அரை மணி நேரமாவது இருந்திருக்கும் என்றார். ஒரு சத்தம் போட்டிருந்தால் வாசலில் இருந்த அக்கா ஓடி வந்திருப்பாள். தேர்வும் ரத்தாகியிருக்கும். அதற்காகத்தான் துண்டு. அந்த விதியை அவ்வளவு விலாவாரியாக ஏன் சொன்னேன் என்று என்னை நானே திட்டிக்கொள்ளாத நாள் இல்லை.

வேலை கிடைத்தது. பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின நாள் ஆர்டர் வந்தது. அக்கா அதை வாங்கி மாமாவின் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு ஓவென்று அழுதாள். வினோதினி அழவில்லை. காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நடுவுல காத்து நின்னுபோச்சு மாமா" என்றாள். "இன்னும் இருவது நிமிஷம் பாக்கி. குனிஞ்சா கேமராவுல தெரிஞ்சிடும். அப்பா தூங்கிட்டாருன்னு நெனச்சேன். கோவம் கோவமா வந்துது. காலால ஒதச்சேன்."

அவள் தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒதச்ச உடனே திரும்பக் காத்து வந்துது மாமா."