மச்சானின் ஓட்டோமெட்டிக் கார்

அந்தக் காரை நினைத்தாலே எனக்கு இன்றும் குமட்டிக்கொண்டு வருகிறது. கார் என்ன பாவம் செய்தது என்று கேட்பீர்கள். கொஞ்சம் செய்தது. மீதியைச் செய்தது அதன் சொந்தக்காரர்.

அவர் என் மச்சான், என் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். கரவனெல்லப் பஜாரில் கடை வைத்திருக்கிறார். காரை வாங்கிய கையோடு எங்களுக்குக் காட்டுவதற்காகவே தோட்டத்துக்கு ஓட்டி வந்தார். சீட்டில் இருந்த பொலித்தீன் உறையை உரிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பலருக்கு இந்தப் பழக்கம் உண்டு, உரித்தால் புதுசு போய்விடுமாம். உட்கார்ந்தால் வியர்வையில் தொடை ஒட்டும், ஒரு நாற்றம் வேறு. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்று சும்மாவா சொன்னார்கள்!

நான் தோட்டத்தில் ரப்பர் பால் ஏற்றும் லொறி ஓட்டுகிறவன். எங்கள் லயத்து வீட்டு வாசலில் என்னை நிறுத்தி வைத்து, "கிளட்சும் இல்ல, கியர் மாத்துற வேலையும் இல்ல மச்சான். சும்மா மிதிச்சாப் போதும், பறக்கும். ஒங்க லொறியெல்லாம் இனி பழைய இரும்புக்குத்தான்" என்றார்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மலையிலிருந்து என் மனைவியைத் தூக்கி வந்தார்கள். பால் வெட்டும்போது மரத்தடியில் பாம்பு கடித்துவிட்டது. கணுக்கால் வீங்கிக் கறுத்திருந்தது. லொறி டயர் கழற்றி பெக்டரியில் கிடந்தது. மச்சான் தனக்கு ஓட்டத் தைரியம் இல்லாமல் சாவியை என்னிடம் நீட்டினார். நீட்டியவர் சொன்ன முதல் வார்த்தை, "ஒரு சாக்கு விரிச்சிட்டு ஏத்துங்க, கால்ல மண்ணு."

மச்சான் அவளோடு பின் சீட்டில் ஏறிக்கொண்டார். எதிரே ஏற்றம். முன்னால் ஒரு பஸ் முனகிக்கொண்டு ஏறியது. என் லொறியாக இருந்தால் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கி மிதிப்பேன், மிதித்த கணமே முதுகில் தள்ளுகிற மாதிரி இழுக்கும். இதை மிதித்தால் எஞ்சின் மட்டும் கத்தியது, வண்டி போன வேகத்திலேயே போனது. ஆபீஸ் கிளாக்கர் போல முதலில் யோசித்தது. பிறகு நான் எதிர்பார்க்காத நேரத்தில் பாய்ந்தது. எதிரே ஒரு வேன் வர, கியரை இறக்கும் பழக்கத்தில் என் இடது கால் தானாகக் கிளட்சைத் தேடி அழுத்தியது. அங்கே இருந்தது பிரேக். கார் குலுங்கி நின்றது. பின் சீட்டிலிருந்து அவள் வழுக்கிக் கீழே விழுந்தாள்.

"காரை ஒடச்சிறாதீங்க!" என்று கத்தினார் மச்சான். தங்கச்சியைத் தூக்கவில்லை. அவள் வாந்தி எடுத்தபோது அவர் கை அவள் தலையைத் தாங்கவில்லை, சாக்கைத்தான் இழுத்து அவள் வாய்க்கு நேரே வைத்தது. எனக்கு அவர் முகத்தில் துப்ப வேண்டும் போலிருந்தது. இடது காலைச் சீட்டுக்கடியில் மடக்கிக்கொண்டு, வலது காலால் மட்டும் ஓட்டினேன். எப்படியோ நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம், அவள் பிழைத்தாள்.

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி அவளை வீட்டுக்கு அனுப்பிய அன்று மச்சான் காரோடு வாசலில் நின்றார். அவள் நொண்டிக்கொண்டே வந்து, "இல்லண்ணே, நாங்க பஸ்லயே போறோம். ஒங்க கார் சுத்தமா இருக்கட்டும்" என்றாள்.

வற்புறுத்துவார் என்று பார்த்தேன். "அதுவும் சரிதான், கால்ல இன்னும் மருந்து கட்டியிருக்கு" என்றார்.

பாம்பு கடித்தபோது அழாதவள், பஸ்ஸில் உட்கார்ந்து அழுதாள்.