ஈரச் சேலை டீச்சர்

புத்தகக் கடையில் இன்று மைதாப் பசை நாறியதும், அறுபதுகளில் சிதம்பரம் கீழ வீதியில் இருந்த வாடகை நூலகம் நினைவில் குமட்டிக்கொண்டு வந்தது; மூட்டைப்பூச்சி ஊரும் பெஞ்சும், காதல் நாவலென்றால் அட்டையில் மாராப்பு நழுவிய பெண் வேண்டுமென்று அடம்பிடித்துவிட்டு, வீட்டுக்குப் போகையில் அதன்மேல் காலண்டர் தாளைச் சுற்றிக்கொள்ளும் யோக்கியர்களும்.

தன் முதல் நாவலில் தன் பெயரை அச்சில் பார்க்க, அத்தை என்னையும் இழுத்துக்கொண்டு அங்கே போனாள். அவள் எழுதிய விதவை டீச்சர் அட்டையில் ஈரச் சேலையோடு இளித்தாள்.

"யாருய்யா இவ? நான் எழுதுன டீச்சரா?" என்றாள் அத்தை.

"கதையப் பாத்தா எடுக்குறாங்க? வூட்டுக்காரரு பாத்தா, இது நீங்கதானான்னு கேப்பாரும்மா!" என்றார் கடைக்காரர்.

கடையே சிரித்தது. அத்தை அட்டையைப் பிய்த்துக் கசக்கி எறிந்தாள். அவள் பெயர் அதில் மட்டும்தான் இருந்தது.