பத்து மடங்கு உயரமான ஆற்றங்கரை

அன்று மாடல் மேசையைச் சுற்றி நின்றவர்கள் நான்கு பேர்: எங்கள் முதலாளி, வாடிக்கையாளர் கம்பெனியின் எம்.டி., மாடல் செக்‌ஷனில் எனக்கு சீனியரான டில்லி, நான். வெள்ளக் கணக்குப் பார்த்த இன்ஜினீயர் வரவில்லை, வெளியூரில் இருந்தார். நாங்கள் மாடல் செய்திருந்த புது நகரத்தில் குடியேறப்போகும் தொழிலாளர்களை யாரும் அழைக்கவில்லை.

ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் ஆபீஸ். நகரங்களைத் திட்டமிட்டு வரைந்து கொடுப்போம். கோதாவரிக் கரையில் அமையவிருந்த ஒரு தொழில் நகரத்துக்கு மாடல் செய்திருந்தோம். சமநிலத்தை அளவு மாறாமல் செய்தால் தோசைக்கல் போலத் தட்டையாகத் தெரியும். அதனால் உயரத்தை மட்டும் பத்து மடங்கு ஏற்றிச் செய்வது வழக்கம். பார்க்க வருபவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அன்று முதலாளி சொல்லவில்லை.

எம்.டி. குனிந்து பார்த்தார். "கரை என்னா உசரம்! லேபர் குவார்ட்டர்ஸைத் தூக்கி இங்க வெச்சிடுங்க. மேட்டு நிலம் குடோனுக்கு வரட்டும்."

"பண்ணிடலாம் சார்" என்றார் முதலாளி.

வெள்ளம் வந்தால் அந்தக் கரை மூழ்கும் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். டில்லி என் காதருகே வந்தார்.

"இன்னா நைனா, மூஞ்சி இப்டி கீது? வாயத் தொறக்காத. எனக்கு வண்டி டியூ கீது."

எம்.டி. பிளானில் கரையோரம் வட்டம் போட்டார். இனி கையெழுத்துதான் பாக்கி.

பட்டினப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். என் சம்பளம் வந்த பிறகுதான் அம்மா மீன் கூடையை இறக்கி வைத்தார். பேசினால் அந்தக் கூடை மறுபடி அவர் தலைக்கு ஏறும். ஆனால் கடல் வீட்டுக்குள் வந்தபோது தங்கையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவனும் நான்தான்.

"சார்..." குரல் எழும்பவில்லை. மறுபடி சொன்னேன். "உயரத்தை மட்டும் பத்து மடங்கு ஏத்தியிருக்கோம் சார். நெசமான கரை இவ்ளோதான்."

உண்மை உயரத்தைக் காட்ட, மேசையில் கிடந்த அட்டைத் துண்டை ஆற்றோரம் படுக்க வைத்தேன். அது ஆற்றுக்குள் சரிந்து விழுந்தது.

எம்.டி. முதலாளியைப் பார்த்தார். "அப்போ வெள்ளம் வந்தா?"

பிளானில் தான் போட்ட வட்டத்தை அவரே அடித்தார்.

"குவார்ட்டர்ஸ் இருந்த எடத்துலயே இருக்கட்டும். எனக்கு உயரம் ஏத்தாம வேற மாடல் வேணும். அதுக்குப் பைசா தரமாட்டேன்."

அவர் கார் கிளம்பியதும் முதலாளி என் பக்கம் திரும்பினார். "நாளைலேர்ந்து வராதேன்னு சொல்லத்தான் வாய் வருது. அப்புறம் புது மாடலை யாருடா பண்றது? போய் அட்டை வெட்டு" என்றார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். உயரத்தை ஏற்றினால், எத்தனை மடங்கு என்று மாடல்மேலேயே பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள். வாயை நம்பாதீர்கள், பயத்தில் அது சமயத்துக்கு வராது.

பலகை, அக்ரிலிக், பசை, கூலி எல்லாம் சேர்த்து அந்தப் புது மாடலுக்கு ஆபீசுக்கு ஆன செலவு எண்பத்தாறாயிரம் ரூபாய்.