ரயில்வே கேட்டில் எனக்கு வந்தது

என் நாத்தனார் கன்னியம்மாள் என் மடியில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஆட்டோ தண்டவாளத்தின் மேல் நின்றுகொண்டிருந்தது. முன்னால் ஒரு வெள்ளைக் கார். பின்னால் ஒரு லாரி. சுற்றிலும் வண்டி. ஒருவரும் நகரவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் பயம் வருவதில்லை, கோபம்தான் வருகிறது.

வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வருகிற சகோதரிகளே, பூசையில் கடைசியில் உட்கார்ந்து, சுண்டலை வாங்கிக்கொண்டு, பேசாமல் வீட்டுக்குப் போகிறவள் நான். நேரில் கேட்டால் எனக்கு வாய் வராது. அதனால் நம் வழிபாட்டு மன்றத்து இதழுக்கு எழுதிக் கொடுக்கிறேன். ஐந்தாம் வகுப்புதான் படித்தேன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். கோபத்தை மட்டும் திருத்தாதீர்கள்.

அன்று ஆடி மாதம் மூன்றாவது வெள்ளி. தலைக்குக் குளித்து, மஞ்சள் புடவை கட்டி, ஈரம் காயட்டும் என்று முடியை விரித்துவிட்டிருந்தேன். கூழுக்குத் தொட்டுக்கொள்ள முருங்கைக் கீரை பறிக்கிறேன் என்று கன்னியம்மாள் தொரட்டியைப் போட்டு இழுத்தாள். கிளையில் குளவிக் கூடு. மொத்தமும் அவள் மேல் இறங்கிவிட்டது. நான் வாசல் நிலையில் செருகியிருந்த வேப்பிலைக் கொத்தைப் பிடுங்கி ஓடி, அடித்து விரட்டினேன். அதற்குள் முகம் வீங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் உதடு தடித்துப் பேச்சு குழறியது. அப்புறம் பேச்சே இல்லை.

கன்னியம்மாள் பேசாமல் இருப்பது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் சேர்த்து அவள்தான் பேசுவாள். ரேஷன் கடையோ குழாயடியோ, சண்டை போடுவது அவள், பை பிடிப்பது நான். கோயிலில் வருஷா வருஷம் அருள் வருவதும் அவளுக்குத்தான். எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

தெருமுனை சேகர் ஆட்டோவை எடுத்து வந்தான். நெமிலிச்சேரியில் எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக ரயில்வே கேட்டைத் தாண்ட வேண்டும். கேட் போட்டிருந்தது. சேகர் இடது பக்கம் வரிசையில் நிறுத்தினான். எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் நின்றார்களா? வலது பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டு முன்னால் போய் முட்டினார்கள். பைக்கில் வந்தவர்கள் வண்டியைச் சாய்த்துக் கேட்டுக்கு அடியில் நுழைந்தார்கள். அந்தப் பக்கமும் இதே கதை. நடுவில் ரயில் போகிறது, இரண்டு பக்கமும் இவர்கள் சண்டைக்கு நிற்கிற மாதிரி நிற்கிறார்கள்.

கேட் தூக்கியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே பாய்ந்தார்கள். நடுத் தண்டவாளத்தில் முகத்துக்கு முகம் முட்டிக்கொண்டு நின்றார்கள். முன்னால் இடமில்லாதபோது சேகரும் ஏறியிருக்கக் கூடாது. பின்னால் ஹாரன் அடித்தார்கள் என்று ஏறிவிட்டான். எங்கள் வழியில், தப்பான பக்கத்தில் வந்த அந்த வெள்ளைக் கார். உள்ளே கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒருத்தர் போன் பேசிக்கொண்டிருந்தார்.

கேட் கீப்பர் கத்தினார். "யோவ், நவுருங்கய்யா! கேட்டு போட முடியல, சிக்னல் வுழல, அங்க ரயில் வண்டி நிக்குது!" தூரத்தில் ரயில் ஊதிக்கொண்டே இருந்தது. ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கன்னியம்மாள் என் கையைப் பிடித்திருந்தாள். பிடி தளர்ந்தது. "தாயே, இவளுக்கு மூச்சைக் குடு. எனக்குப் பேச வேற ஆளில்ல" என்று கண்ணை மூடி வேண்டினேன். அதற்கு மேல் வேண்டவும் எனக்குத் தெரியவில்லை.

கண்ணைத் திறந்தபோது அடிவயிற்றிலிருந்து ஏதோ கிளம்பியது. ஆட்டோவை விட்டு இறங்கினேன். காரின் மேல் ஓங்கி அடித்தேன். "டேய்! எட்றா வண்டிய! பின்னால போடா!" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"ஐயோ, சாமி வந்துகீதுய்யா!" என்று யாரோ அலறினார்கள். அப்போதுதான் பார்த்தேன். என் கையில் அந்த வேப்பிலைக் கொத்து அப்படியே இருந்தது.

ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ஒருவன் கும்பிட்டான். "தாயே, இன்னா வேணும், சொல்லு தாயே."

"இன்னா வேணுமா? உன் பைக்க இஸ்துகினு இடது பக்கம் போடா! அதான் வேணும்!"

ஸ்கூட்டியில் வந்த பெண் ஒருத்தி பாட்டில் தண்ணீரை என் காலில் ஊற்றினாள். எனக்கு வந்த ஆத்திரம்! "என் கால்ல ஊத்தறியே, ஆட்டோல ஒருத்தி மூச்சு இல்லாம கீறா, அது கண்ணுல பட்லையா?"

கார்க்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டு பின்னால் எடுத்தார். அவருக்குப் பின்னால் இருந்தவர்களும் எடுத்தார்கள். வழி கிடைத்தது. நான் ஏறினேன், ஆட்டோ பறந்தது. பின்னால் கேட் இறங்குகிற மணி கேட்டது.

ஊசி போட்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் தொண்டை முழுவதும் அடைத்திருக்கும் என்றார் டாக்டரம்மா. சாயங்காலம் கன்னியம்மாளுக்குப் பேச்சு வந்தது. முதல் பேச்சே இதுதான். "இன்னா அண்ணி, இத்தினி வருசம் இந்த வாய எங்க ஒளிச்சி வச்சிருந்தே?" நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

அதற்குப் பிறகுதான் கூத்து. அந்தக் கார்க்காரர் தட்டில் பழமும் பூவும் வைத்துக்கொண்டு வீடு தேடி வந்தார். பெண்ணுக்கு எப்போது கல்யாணம் ஆகும், குறி சொல்லுங்கள் என்றார். சகோதரிகளே, உங்களிலும் சிலர் வந்தீர்கள்.

உள்ளதைச் சொல்கிறேன். எனக்குச் சாமி வரவில்லை. கோபம்தான் வந்தது. வாயில்லாத எனக்கு அந்தக் கோபத்தை அம்மன்தான் கொடுத்தாள். அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். இப்போது ரேஷன் கடையிலும் நானே பேசுகிறேன்.

ஆனால் ஒன்று மட்டும் ஆறவில்லை. அந்தக் கேட்டுக்குப் பக்கத்தில் பலகை இருக்கிறது. இடது பக்கம் ஒருவர் பின் ஒருவராக நில், எதிரில் இடம் இருந்தால் மட்டும் உள்ளே போ என்று தமிழில்தான் எழுதியிருக்கிறது. ஐந்தாம் வகுப்புப் படித்த எனக்கே படிக்க வருகிறது. பலகை சொன்னால் கேட்க மாட்டீர்கள். கேட் கீப்பர் தொண்டை கிழியக் கத்தினால் கேட்க மாட்டீர்கள். வேப்பிலையைப் பார்த்தால் மட்டும் பின்னால் எடுப்பீர்களா? அன்று கையில் அது இல்லாமல் இருந்திருந்தால்? நான் வெறும் கிழவி, கன்னியம்மாள் வெறும் பிணம்.

அம்மனை நம்புங்கள். வாயில்லாதவர்களின் வேண்டுதலும் அவள் காதில் விழுகிறது, அதற்கு நான் சாட்சி. என்னிடம் குறி கேட்டு மட்டும் வராதீர்கள். வந்தால் கார்க்காரருக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்வேன். எனக்குத் தெரிந்த குறி அது ஒன்றுதான்.

"கேட்டு போட்டா இடது பக்கம் நில்லு. போ."