தல்லாகுளத்துக் கொலை

மதுரையிலிருந்து திருமங்கலம் போகும் பாசஞ்சர் வண்டியில் நாவல் விற்ற பாயின் பெயரை நான் கேட்டதே இல்லை. சிவப்புத் துருக்கித் தொப்பி, நரைத்த தாடி. புத்தகங்களை இடது கையில் நெஞ்சுயரம் அடுக்கி, மேலே மோவாயை அழுத்தி வைத்துக்கொள்வார். பேசும்போதும் மோவாயை எடுக்கமாட்டார்.

ஒரு நாள், நான் எழுதப்போகும் நாவலின் தலைப்பைச் சொல்லி, அந்தப் பெயரில் ஏற்கெனவே புத்தகம் உண்டா என்று அவரிடம் கேட்டேன்.

“கூவிப் பாத்துருவோம்ணே” என்றவர், “தல்லாகுளத்துக் கொலை, தல்லாகுளத்துக் கொலை” என்று பெட்டி முழுக்கக் கூவிக்கொண்டு போனார்.

“அது போன வருசமே படிச்சாச்சு பாய்” என்றார் ஒரு பருத்தி வியாபாரி.

“அப்ப கொலை செஞ்சது யாருண்ணே?” என்று பாய் கேட்டார்.

வியாபாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“பேரு உங்களுக்குத்தான்ணே” என்றார் பாய், என்னிடம்.

வியாபாரிக்கு மனசு கேட்கவில்லை. “ஆமா, யாருதான் செஞ்சது?” என்று என்னையே கேட்டார். பெட்டியே என்னைப் பார்த்தது.

“இன்னும் முடிவு பண்ணலை” என்றேன்.

பாய் மோவாயைத் தூக்கிச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். சிதறிய புத்தகங்களை நாங்கள் எல்லோரும் குனிந்து பொறுக்கி முடிப்பதற்குள் திருமங்கலம் வந்துவிட்டது.