மூணு கோடா, மஞ்சளா?

"ஷியா ருயுன். பெண். வயது இருபத்தொன்பது. தொலைபேசி இணைப்பாளர். பணிவானவர், கோழை, அரசியல் அறியாதவர். செவி மந்தம், பெயர்களைப் பிரித்தறியும் திறன் இல்லை. பணிக்கு உதவாதவர் என விடுவிக்கப்படுகிறார்."

1942 இலையுதிர் காலத்தில், ஷாங்காயில் ஜப்பானியர் தயவில் நடந்துகொண்டிருந்த உளவு அலுவலகம் ஒன்று கொடுத்த சான்றிதழ் இது. தட்டச்சு செய்தது நான். எழுத்துப் பிழை கிடையாது. மற்றதெல்லாம் பிழை.

மறுமுனையில் பேசுகிறவர் அன்று காலை தின்றது நூடுல்ஸா, வறுத்த பன்னா என்று குரலை வைத்தே சொல்லிவிடுகிற செவி அவளுடையது. பணிவு? எங்கள் பிரிவுத் தலைவர் குவான் வடக்கே தியன்ஜின்காரர்.

"எங்க ஊர்க் கழுதைகூட உங்களைவிடத் தெளிவாப் பேசும்" என்பார்.

"அதான் அதுங்களையே தலைவராப் போட்டு அனுப்புறாங்க" என்று எங்கள் ஊர்ப் பேச்சில் அவள் பதில் சொல்வாள்.

அவருக்கு அது புரியாது. "ரொம்ப சந்தோஷம்னு சொல்றா ஐயா" என்று நான் மொழிபெயர்ப்பேன்.

அரசியல் அறியாத இந்தப் பெண் காதலித்தது, நாங்கள் தேடிக்கொண்டிருந்த இரண்டு பக்க ரகசியப் பத்திரிகைக்கு அச்சுக் கோத்தவனை. அவன் குடும்பப் பெயர் ஹுவாங். எங்கள் ஊர் வாயில் ஹுவாங் என்ற பெயரும் வாங் என்ற பெயரும் ஒரேமாதிரி 'வாங்' என்றுதான் வரும். அதனால் யாரைச் சந்தித்தாலும் முதலில் கேட்டுக்கொள்வோம்: "மூணு கோடா, மஞ்சளா?" ஒரு வாங்கை மூன்று படுக்கைக் கோடு போட்டு எழுத வேண்டும். மற்ற வாங்குக்கு, அதாவது ஹுவாங்குக்கு, மஞ்சள் என்று பொருள். இந்தக் கேள்வி இல்லாமல் ஷாங்காயில் கடிதமும் போய்ச் சேராது, கல்யாணமும் நடக்காது.

அவனிடமும் அவள் கேட்டாள். "மஞ்சள். ஆனா காமாலை இல்ல" என்றான். அங்கே ஆரம்பித்தது.

"அந்த வேலையை விட்டுடு" என்று அவன் கெஞ்சியபோது, "அவனுங்க வாயெல்லாம் என் கையில இருக்கு. விடச் சொல்றியா?" என்றாளாம்.

ஒரு நடுப்பகல். குவான் விருந்திலிருந்து கூப்பிட்டார். "காங்கோட படைக்குச் சொல்லு. தெஃபூ சந்து, ஹுவாங் வீடு. ஆளை அள்ளிட்டு வரணும், உடனே."

வடக்கத்தி நாக்கில் ஹுவாங் வேறு, வாங் வேறு. சந்தேகத்துக்கே இடமில்லை. அந்தச் சந்தில் ஒரே ஒரு ஹுவாங், அவள் காதலித்தவன்தான், சமையல்கட்டுக்கு மேலிருந்த சின்ன அறையில். மூன்று கோட்டு வாங்கும் ஒருவர் இருந்தார்: ரேஷன் அரிசி அதிகாரி, குவானின் விருந்துத் தோழர்.

சொல்லாமல் விட முடியாது. சற்று நேரத்தில் குவானே படையைக் கூப்பிட்டு, கிளம்பியாயிற்றா என்று கேட்பார். இணைப்புக் கம்பி அவள் கையில் ஒரு மூச்சு நேரம் நின்றது. பிறகு செருகினாள். படைத்தலைவர் காங் எங்கள் ஊர்க்காரர்.

"காங் அண்ணே, தெஃபூ சந்து, வாங் வீடு. ஆளை அள்ளிட்டு வரணுமாம்."

"மூணு கோடா, மஞ்சளா தங்கச்சி?"

"மூணு கோடு."

"அடேங்கப்பா! அரிசி வாங்கா?"

"எனக்கென்னண்ணே தெரியும்? பெரிய இடத்து உத்தரவு."

"அந்தாள் மேல எனக்கு ரொம்ப நாளாவே ஒரு கண்ணு" என்றார் காங்.

கதவு உடைந்தது. அதிகாரி சாப்பாட்டுக் குச்சியும் கையுமாக இழுபட்டார். ஊரே தவிடு தின்கிற காலத்தில் அவர் கட்டிலுக்கடியில் பதினொரு மூட்டை வெள்ளை அரிசி. வேடிக்கை பார்க்கச் சந்தே திரண்டது. அந்தக் களேபரத்தில் மஞ்சள் வாங், அச்செழுத்துகளைப் படுக்கை விரிப்பில் சுற்றிக்கொண்டு பின்கதவு வழியாகப் போனான்.

மறுநாள் மாலை நிங்போவுக்குக் கப்பல், நீயும் வா என்று அவளுக்குச் சொல்லியனுப்பினான். அவள் மறுத்துவிட்டாள். அவள் ஓடினால் இது தவறுதலாக நடந்ததல்ல என்று குவானுக்குத் தெரிந்துவிடும். கப்பல் கிளம்புவதற்குள் துறைமுகத்தை அடைத்துவிடுவார். மறுநாள் காலை எட்டு மணிக்கு வழக்கம்போல் வந்து உட்கார்ந்தாள்.

குவான் மேசையைக் குத்தினார். "நான் ஹுவாங்னுதானே சொன்னேன்!"

"நானும் அதையேதான் சொன்னேன் ஐயா. வாங்."

"வாங் இல்ல, ஹுவாங்!"

"அதான் ஐயா. வாங்."

அலுவலகத்தையே வரிசையில் நிறுத்திச் சொல்லச் சொன்னார். ஒன்பது பேரும் வாங், வாங் என்றோம். ஜப்பானிய ஆலோசகர் இரண்டு எழுத்தையும் எழுதிக்காட்டச் சொல்லி, தன் மொழியில் "ஓ" என்று ஒன்றையும் "ஓ" என்று மற்றதையும் படித்துவிட்டு, கோளாறு குவானிடம்தான் என்பதுபோல் பார்த்தார்.

குவான் காங் பக்கம் திரும்பினார். "எந்த வாங்னு நீ கேக்கலையா?"

காங் உண்மையைச் சொன்னால் அவள் இறங்க வேண்டியது நிலவறைக்கு. அங்கே இறங்கியவர்கள் ஏறியதை நான் பார்த்ததில்லை. ஆனால் பதினொன்றில் எட்டு மூட்டைதான் அலுவலகத்துக்கு வந்திருந்தது. இரவே விடுவிக்கப்பட்ட அரிசி அதிகாரி, அன்று காலை மீதி மூன்று எங்கே என்று காங்கிடம் தொலைபேசியில் அலறியபோது இணைப்புக் கொடுத்தது அவள்தானே.

எங்கள் ஊர்ப் பேச்சில், முகம் மாறாமல், கேட்டாள்: "அண்ணே, சோறு நல்லா வெந்துச்சா?"

காங் தொண்டையைச் செருமினார். "கேக்கல ஐயா. பசி நேரம்."

சான்றிதழை அவளிடம் கொடுத்தேன். நின்று நிதானமாகப் படித்துவிட்டு, "இன்னொரு பிரதி கிடைக்குமா?" என்றாள். ஒரு மாதம் கழித்து அவளும் நிங்போ மலைப்பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. பத்திரிகை அதற்குள் மறுபடி வந்துகொண்டிருந்தது, ஒரு பக்கம் மட்டும்.

அவள் செய்தது இவ்வளவுதான்: ஹுவாங் என்பதைத் தெளிவாகக் காதில் வாங்கினாள், மூணு கோடு என்று சொன்னாள், மறுநாள் எட்டு மணிக்கு வேலைக்கு வந்தாள்.