மூடிமேல் ஒரு பென்சில் கோடு

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் திறந்து பார்க்காமல் நம்பாத ஜென்மம். ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்தினால், உள்ளே விளக்கு அணைந்ததா என்று மறுபடி திறப்பார். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு, இனி வேலைக்கு வர வேண்டாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் அவர் கழற்றி மாட்டாத திருகாணி இல்லை. என் மிக்சியைக் கழற்றிய அன்று நான்தான் கத்தினேன்: "தோட்டத்துல போய் ஏதாவது பண்ணுங்க!"

அதன் பலன், கொல்லையில் ஒரு தேன் பெட்டி. கொண்டுவந்து வைத்த பெட்டிக்காரர் படித்துப் படித்துச் சொன்னார்: "பத்து நாளைக்கு ஒரு தடவை திறந்தா போதும் சார். சும்மா சும்மா திறந்தா ஈ எல்லாம் கிளம்பிப் போயிடும்."

இவர் தலையை ஆட்டினார். சாயங்காலமே திறந்தார். மறுநாள் இரண்டு தடவை. ராணித் தேனீயைக் கண்ணால் பார்த்தால்தான் அவருக்குக் காபி இறங்கும். ஐந்தாம் நாள் பெட்டியில் வெறும் அடைதான் மிச்சம். ஈயெல்லாம் பக்கத்து வீட்டுக் கொய்யா மரத்தில் கொத்தாகத் தொங்கின.

"வேலையும் போச்சு, இதுவும் போச்சு" என்றார். இருபத்தாறு வருஷத்தில் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. பெட்டிக்காரரைக் கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்தேன். அவர் கொத்தைப் பையில் உதறி, மறுபடி பெட்டியில் விட்டார்.

"இன்னொரு தடவை கிளம்பினா என்னைக் கூப்பிடாதீங்க."

அவர் போனதும் இவர் மூடிக்கும் பெட்டிக்கும் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். போல்ட்டை முடுக்கியதும் அதன்மேல் இப்படிக் கோடு போடுவது அவர்கள் தொழிலில் வழக்கம். அசைந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

எட்டு நாள் தொடவில்லை. கையைப் பிசைந்துகொண்டு பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அதைப் பார்த்துப் பார்த்து எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. ஒன்பதாம் நாள் காலை, அவர் காலுக்குப் பயிற்சி செய்ய ஆஸ்பத்திரி போயிருந்த நேரம், பெட்டி வாசலில் நடமாட்டம் குறைந்த மாதிரி தெரிந்தது. போய்விட்டனவோ? நாளைக்கு அவர் ஆசையாகத் திறந்து, உள்ளே காலியாக இருந்தால்? முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஒரே ஒரு தடவைதான் என்று மூடியைத் தூக்கினேன்.

அடை முழுக்க ஈ. சர்ரென்று ஒரு கூட்டம் எழும்பியது. ஒன்று புறங்கையில் கொட்டிவிட்டது. மூடியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

மதியம் வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கொல்லைக்குப் போனார். கோடு அரை விரல் விலகியிருந்தது. திரும்பி என் வீங்கிய கையைப் பார்த்தார். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

"ராணி இருந்துச்சா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இருந்துச்சுங்க" என்றேன். ராணி எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது.

அவர் இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டார். கிளம்பிவிடுமோ, கிளம்பிவிடுமோ என்று இருட்டும்வரை அந்தப் பெட்டி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.